பத்து நிமிஷ முதலாளியம்மா

"பூட்டை உடைங்க சார்!"

ஞானசௌந்தரி சொன்னதைக் கேட்டு ராஜாராமன் சிரித்தான்.

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, பழைய ஹோட்டல் சாமான்கள் விற்கிற கடை அவனுடையது. பின்பக்கம் ஒரு நீளமான குடோன். கடைசிச் சுவரோரம் அந்த ஃப்ரீசர். ஒரு ஆள் நீளம். வெள்ளை வெளேரென்று. அதன் மூடியில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.

"என்ன மேடம் நீங்க! ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்க எல்லாம் வாசல்லயே நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. உங்க சங்கத்து சுந்தர்சிங் சார் கூட அப்படித்தான்!"

"அவர் லீவுல இருக்கார். இப்ப நான் வந்திருக்கேன்."

"யார் வந்தா என்ன மேடம்... கடைசில பணம் தானே குடுக்கப் போறீங்க?"

"எங்க சங்கம் பணம் குடுக்காது சார். பொருளைத்தான் குடுக்கும். முதல்ல உங்ககிட்டருந்து சங்கம் வாங்கணும். என் கைக்கு வரணும். அப்புறம்தான் நான் இந்த அம்மாவுக்கு விக்க முடியும். திறந்தே பாக்காத பொருளை வாங்கிட்டதா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

'இந்த அம்மா' குடோன் வாசலில் நின்றிருந்தாள். கிளியம்மாள். கோவளத்தில் மீன் விற்கிறவள்.

"இன்னா நைனா... ஒரு பொட்டியத் தொறக்க இம்மா நேரமா? தொற நைனா! எம்மீனு அங்க வெயில்ல நாறிக்கினு கீது!"

"சாவி தொலைஞ்சு போச்சும்மா. ஒரு மாசமா தேடறேன்."

"அப்ப ஒட!"

ராஜாராமன் அலுத்துக்கொண்டே ஒரு இரும்புக் கம்பியை எடுத்தான்.

டணங்!

பூட்டு தரையில் விழுந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு, கனமான மூடியை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினான்.

அதே நொடியில் ஞானசௌந்தரியின் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. 'டிங்!'

அவள் போனை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

உள்ளே...

முழங்காலை மார்போடு மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்தார் ஒரு மனிதர். தலைமுடியில், புருவத்தில், சட்டைக் காலரில் எல்லாம் வெண்பனி.

"ஐயோ! பொணம்! பொணம்!" என்று கிளியம்மாள் அலறினாள். ராஜாராமன் மூடியை விட்டுவிட்டுப் பின்னால் தடுமாறி, அடுக்கி வைத்திருந்த இட்லிப் பானைகளின் மேல் விழுந்தான்.

ஞானசௌந்தரி மட்டும் அசையவில்லை. மூடியைத் தாங்கிப் பிடித்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம். சாமான் என்றால் உள்ளும் புறமும் தடவிப் பார்க்கும் கை. அந்தக் கை தன்னையறியாமல் மூடியின் உட்பக்கத்தைத் தொட்டது... சட்டென்று பின்வாங்கியது.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாய்ப் பக்கத்து மேஜையில் பார்த்த முகம்.

சுந்தர்சிங்!

போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தாள். திரையில் ஒரு மெசேஜ் காத்திருந்தது.

அனுப்பியவர்... சுந்தர்சிங்!

'இன்னிக்கு எதையும் திறக்காதே சௌந்தரி. தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடு.'

செத்தவர் ஃப்ரீசருக்குள் இருந்தார்.

அவருடைய மெசேஜ் அரை நிமிடத்துக்கு முன்னால் வந்திருந்தது!

*

இன்ஸ்பெக்டர் சக்திவேல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லுங்க. இப்ப இந்த ஃப்ரீசர் யாருது?"

"ராஜாராமன் சாரோடது. நான் இன்னும் கையெழுத்துப் போடல."

"போட்டிருந்தா?"

"எங்க சங்கத்தோடது."

"அப்ப பொணமும் உங்களோடதா?"

"ஆமா சார்."

நக்கலாகக் கேட்டவர் அந்தப் பதிலில் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கினதுக்கும் விக்கறதுக்கும் நடுவுல ஒரு பத்து நிமிஷம் பொருள் எங்க கையில இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துல தீப்பிடிச்சாலும் நஷ்டம் எங்களோடது. அப்படிப் பொறுப்பு எடுத்துக்கிட்டாதான் மேல வெச்சு விக்கற லாபம் நியாயமான லாபம். இல்லன்னா அது வேற பேருல வட்டி. வாங்கின விலை இவ்வளவு, எங்க லாபம் இவ்வளவுன்னு கிளியம்மா கிட்ட ஒளிக்காம சொல்லிடுவோம்."

"தவணை கட்டலன்னா?"

"கஷ்டம்னா டைம் குடுப்போம். வேணும்னே இழுத்தடிச்சா அபராதம் உண்டு. அந்தக் காசு சங்கத்துக்கு வராது. ஏழைங்களுக்குப் போயிடும்."

"நல்ல கம்பெனிதான் போங்க. எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு" என்றவர், ராஜாராமன் பக்கம் திரும்பினார். "யோவ்! உன் கடை, உன் குடோன், உன் ஃப்ரீசர். நாப்பது நாளா உள்ள ஒரு ஆள் படுத்திருக்கான். உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது சார்! இந்த ஃப்ரீசரை நான் திறக்கறதே இல்ல!"

"ஏன்?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்தே பில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ராஜாராமனின் மனைவி ஹேமாவதி மெல்லிய குரலில் பதில் சொன்னாள்.

"அது பில்லுக்கான ஃப்ரீசர் சார். எப்பவும் ஓட விட்டு, அதைக் காட்டித்தான் பில் போடுவாரு. டெலிவரிக்கு வேற ஓட்டை ஃப்ரீசர் போகும். இதுவரைக்கும் பதினோரு தடவை வித்தாச்சு. இருந்த எடத்தை விட்டு ஒரு இன்ச் நகரல."

"அடிப்பாவி!" என்று ராஜாராமன் அலறினான்.

"பதினோரு தடவை!" கிளியம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "யோவ்! எனக்கும் ஓட்டப் பொட்டிதான் குடுத்துருப்ப! நாசமாப் போறவனே!"

"சுந்தர்சிங் அதைக் கண்டுபிடிச்சாரு. போட்டுத் தள்ளிட்ட. கதை முடிஞ்சுது. வண்டில ஏறு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்..." ஞானசௌந்தரி குறுக்கிட்டாள். "கொஞ்ச நேரம் முன்னாடி அவர் நம்பர்லருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு சார்."

"காட்டுங்க."

காட்டினாள். திரையில், 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்ற வரி மட்டும் இருந்தது.

"இதுக்கு முன்னாடி வந்தது?"

"காலைல வந்ததையும் அழிச்சிருக்காங்க சார். பழசு எதுவும் சாட்ல இருக்காது. இருபத்துநாலு மணி நேரத்துல தானா அழியற மாதிரி செட்டிங் மாத்தி வெச்சிருந்தார்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவர் போனும் இவன்கிட்டதான் இருக்கும், நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க மேடம்."

*

மாடம்பாக்கத்தில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி போர்ஷன்.

ஒரு ஆளுக்கான குக்கர். ஒரு தட்டு. ஒரு டம்ளர். நாற்பத்தொன்பது வயது ஞானசௌந்தரியின் குடும்பம் அவ்வளவுதான்.

மேற்கு தாம்பரத்தில் ஹாஜா ஷரீப் பாய் நடத்துகிற அந்தச் சின்ன வட்டியில்லா சங்கத்தில், பொருளைக் கையில் வாங்குகிற வேலை அவளுக்கு. வட்டி பாவம் என்று நினைக்கிறவர்களும், வட்டி கட்டிக் கட்டி ஓய்ந்து போனவர்களும் அங்கே வருவார்கள். அவர்களுக்காகத் தையல் மெஷின், ஆட்டோ, கிரைண்டர், கறவை மாடு என்று எல்லாவற்றுக்கும் அவள் பத்து நிமிஷம் சொந்தக்காரி. பதினோராவது நிமிஷம் அது யார் வீட்டுக்கோ போய்விடும். 'பத்து நிமிஷ முதலாளியம்மா' என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

போன் அடித்தது. ஷரீப் பாய்.

"கையெழுத்துப் போட்டுட்டியாம்மா?"

"போடல பாய்."

"ஆண்டவன் காப்பாத்தினான். கிளியம்மாவுக்கு வேற கடையில பாத்துக்கலாம். நாப்பது நாளா ஒரு மனுஷனைக் காணோம்... கோயம்புத்தூர்ல கண் ஆபரேஷன், ரெண்டு மாசம் லீவுன்னு மெசேஜ் வந்ததை அப்படியே நம்பிட்டோமேம்மா. பாவம், தேடறதுக்கு அவருக்கு ஒரு ஆள் கூட இல்ல பாரு. நீ ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ."

லீவு!

இந்த நாலு சுவருக்குள் ஒரு வாரம் என்ன செய்வது? அதுவும் இனிமேல்... காலை ஆறு மணிக்கு அந்த 'டிங்' இல்லாமல்!

அதுதான் அவளை அறுத்தது. லீவில் போனதாகச் சொன்ன நாளிலிருந்து சுந்தர்சிங் தினமும் மெசேஜ் அனுப்பினார். முதலில் வெறும் குட் மார்னிங். அப்புறம் 'சாப்டியா?' அப்புறம் 'மழை பெய்யுதா அங்க?'

ஒன்பது வருஷமாய்ப் பக்கத்து மேஜையில் இருந்து, 'பேனா இருக்கா?' என்பதைத் தவிர எதுவும் கேட்காத மனிதர். ஒருநாள் திடீரென்று கேட்டார்: 'அந்தப் பத்து நிமிஷம் உனக்கு எப்படி இருக்கும் சௌந்தரி?'

அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள். யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினாள்.

இப்போது, ஆறிப்போன சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து அதை மறுபடி யோசித்தாள்.

அதே வேலையை ஒன்பது வருஷம் பார்த்த சுந்தர்சிங் அந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும்?

இன்னொரு நாள், 'அபராதக் காசு கடைசில யாருக்குப் போகும்?' என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துப் பொறுமையாய் விளக்கினாள். சங்கத்தில் டீ வாங்கி வருகிறவனுக்குக் கூடத் தெரியும் அது!

அப்படியென்றால் எழுதியது வெளியாள்.

ராஜாராமனா?

இல்லை. மெசேஜ் வந்த நொடியில் அவனுடைய இரண்டு கைகளும் மூடியில் இருந்தன. தவிர, தானே பூட்டை உடைத்துப் பிணத்தைக் காட்டுகிற கொலைகாரன் உலகத்தில் உண்டா?

கிளியம்மாளா? அவளுக்குக் கைநாட்டுதான்.

ஃப்ரீசரைத் திறக்கப் போகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்த நாலாவது ஆள்...

கண்ணாடித் தடுப்பு. பில் கவுன்ட்டர்.

ஹேமாவதி!

ஞானசௌந்தரி பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள். வெகுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்துவிட்டால்?

ராஜாராமன் ஒன்றும் உத்தமன் இல்லை. உள்ளே கிடக்கட்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு வேறொரு நம்பரிலிருந்து போன் 'டிங்' என்னும். 'சாப்டியா?' என்று யாராவது கேட்பார்கள்.

கேட்க ஒரு ஆள்! இந்த வயதில், இந்த ஊரில், அது என்ன சாதாரண விஷயமா?

நாலு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஓர் இடத்தில் இறங்கி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஆட்டோ ஏறினாள். எங்கே இறங்கினாள் என்பதைச் சற்றுப் பொறுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

*

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். குடோன் கதவுக்கு போலீஸ் சீல் வைத்திருந்தார்கள். கவுன்ட்டரில் ஹேமாவதி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண்கள்.

"வாங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?"

ஞானசௌந்தரி எதிரில் உட்கார்ந்தாள்.

"சாப்டியா ஹேமா?"

ஹேமாவதியின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

"...எப்பக்கா தெரிஞ்சுது?"

"மூடியைத் தூக்கறப்ப உன் புருஷன் கை ரெண்டும் மூடியில இருந்துச்சு."

ஹேமாவதி மெதுவாக டம்ளரை வைத்தாள். பயம் இல்லை அவள் முகத்தில். ஒரு விதமான நிம்மதி!

"அந்த சுந்தர்சிங் ஒண்ணும் யோக்கியன் இல்லக்கா. பில்லுக்கு ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டு, பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு. ஜூலைல வந்து, லாபத்துல பாதி வேணும், இல்லன்னா பாய் கிட்ட சொல்லிடுவேன்னாரு. வீட்டுக்காரர் அன்னிக்கு ஊர்ல இல்ல. கையைப் புடிச்சு இழுத்தாரு. தள்ளினேன். ரேக்கு முனையில தலை இடிச்சு... அங்கயே போயிட்டாரு. நகராத ஃப்ரீசர்தானே, அதுல வெச்சுப் பூட்டினேன்."

"போனு?"

"எதிர்ல உக்காந்து எத்தனை தடவை லாக்கைத் திறந்திருப்பாரு! பாத்துப் பாத்து மனப்பாடம்."

"எனக்கு ஏன் அனுப்பின?"

"உங்க ஆபீஸ்ல யாரும் தேடக் கூடாதுன்னுதான் ஆரம்பிச்சேன். முதல் நாள் ஒரு குட் மார்னிங் போட்டேன். நீங்க எட்டு வரி பதில் எழுதினீங்க." அவள் குரல் உடைந்தது. "எனக்கு யாரும் எட்டு வரி எழுதினதில்லக்கா. இந்த மனுஷன் என்கிட்ட பேசறதே பில் நம்பர் மட்டும்தான். அப்புறம் நிறுத்த முடியல. இன்னிக்குக் கூட... உங்களைக் காப்பாத்தத்தான் வீட்டுக்குப் போன்னு அனுப்பினேன்."

ஞானசௌந்தரி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரு உள்ளயே இருக்கட்டும்கா! கடையை நான் பாத்துக்கறேன். மாடியில போர்ஷன் காலியா இருக்கு. வந்துடுங்க. வாடகை வேணாம். காலைல ஒண்ணா காபி குடிப்போம். மெசேஜே தேவையில்ல!"

காலையில் ஒன்றாகக் காபி!

எவ்வளவு பெரிய ஆசை அது! ஞானசௌந்தரி ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

"ஹேமா... அவர் செத்ததுக்கு அப்புறம்தானே உள்ள வெச்ச?"

"சத்தியமாக்கா!"

"மூடியோட உள்பக்கம் நான் தொட்டுப் பாத்தேன்மா. நகக்கீறல். வரிவரியா."

வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஒன்று நீளமாய் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"...தட்டினாரு" என்றாள் கடைசியில். "கால் மணி நேரம் தட்டினாரு. ரேடியோவைச் சத்தமா வெச்சேன்."

அந்தக் குரலில் அழுகை இல்லை. ஒன்றுமே இல்லை.

ஞானசௌந்தரி நாற்காலியை இரண்டு அடி பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"போலீஸ்ல சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. எதை வெச்சு நிரூபிப்பீங்க? இன்னிக்கு மெசேஜை அழிச்சாச்சு. பழசெல்லாம் ஒரே நாள்ல தானா போயிடும், அதுக்குத்தான் அந்த செட்டிங். போன் ஏரிக்குள்ள கெடக்கு. உங்களுக்கு ஆறுதல் சொன்ன ஒரு வரி கூட இப்ப இந்த உலகத்துல கெடையாது!"

"இருக்கு."

ஞானசௌந்தரி கைப்பையைத் திறந்தாள். ஒரு தடித்த காகிதக் கட்டு. ஓரம் அழகாய்த் துளையிட்டு, சிவப்பு நூலால் கட்டியிருந்தது. கவுன்ட்டரில் வைத்தாள்.

"அழியறதுக்கு முன்னாடி தினமும் போன்லயே போட்டோ எடுத்து வெச்சுக்குவேன். சனிக்கிழமை சனிக்கிழமை கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுப்பேன். அறுபத்தெட்டுப் பக்கம்."

"எ... எதுக்கு?"

"திரும்பப் படிக்க."

ஹேமாவதி மேல் பக்கத்தைப் புரட்டினாள். யாரும் படிக்காமல் அழிந்து போகும் என்று நினைத்த வரிகள்... ஒன்றுவிடாமல்!

"முப்பத்தோராம் பக்கம் பாரு. ஆகஸ்ட் ஒம்போது. 'இன்னிக்கு என் பிறந்தநாள். இந்த வீட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல'ன்னு எழுதியிருக்க. சுந்தர்சிங் பிறந்தது டிசம்பர்ல. வருஷா வருஷம் ஆபீஸ்ல கேக் வெட்டுவோம். பேச்சு நின்னுடுமோன்னு அன்னிக்கு நான் கேக்கல. அறுபத்தெட்டுப் பக்கமும் அவர் வேஷத்துல எழுதின. ஒரே ஒரு நாள்... வாழ்த்துக்கு ஏங்கி... நிஜத்தைச் சொல்லிட்ட."

"பொறந்தநாளை வெச்சு..."

"வெச்சுதான்மா!" ஷட்டர் தடதடவென்று மேலே ஏறியது. இன்ஸ்பெக்டர் சக்திவேல் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். "மேடம் நாலரை மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்து இந்தக் கட்டைக் காட்டிட்டாங்க. உன் ஆதார் கார்டுலயும் ஆகஸ்ட் ஒம்போதுதான். இவ்வளவு நேரம் வெளிய நின்னு மிச்சத்தை உன் வாயாலயே கேட்டாச்சு. ஏரியில போன் எங்க போட்டன்னு மட்டும் காட்டிடு."

"என் வீட்டுக்காரரு?"

"அவரும் உள்ளதான் இருப்பாரு. பதினோரு பில்லு இருக்கே!"

பெண் போலீஸ் அவள் கையைப் பற்றினாள். ஹேமாவதி திமிரவில்லை. வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பினாள். அவள் பார்வை காகிதக் கட்டின் மேல் விழுந்து, பிறகு ஞானசௌந்தரியின் முகத்துக்கு வந்தது.

"என்னைப் புடிச்சுக் குடுத்துட்டீங்க. சரி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு... உங்ககிட்ட யாருக்கா பேசுவா?"

கத்தி மாதிரி இறங்கியது அது. ஏனென்றால், அது உண்மை. இன்ஸ்பெக்டர் கூடத் தலை குனிந்துகொண்டார்.

ஞானசௌந்தரி எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தாள்.

"ஜெயில்லருந்து லெட்டர் போடலாம் ஹேமா. எட்டு வரி எழுது... நான் பதினாறு வரி பதில் போடறேன்."

"அக்கா..!"

"ஆனா ஒண்ணு... இந்தத் தடவையாவது உன் பேரைப் போட்டு எழுது!"